பதினேழாவது நம்பர்

கப்பலிலிருந்து கடலில் எண்ணெய் கொட்டினால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு நம்பர். கடலோரக் காவல் படை முதலில், பறவை வைத்தியர் கடைசியில். நடுவே பக்கத்துத் துறைமுகம், எண்ணெய் ஆலை, மின் நிலையம், மாவட்ட அலுவலகம், மீனவர் சங்கம் என்று சாதாரண நாளில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கூட்டமெல்லாம் வரிசையாக நிற்கும். கொட்டிய எண்ணெய் எல்லை பார்த்துப் போகாது என்பதால் இவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்று தேசியத் திட்டம் சொல்கிறது. ஒரு கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரவே மறுக்கிறவர்கள் கடலில் எப்படி ஒன்றுசேர்வார்கள் என்று திட்டம் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு, நம்பர் உயிரோடு இருக்கிறதா, எடுக்கிற ஆள் அதே ஆள்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதற்கு வசனமும் உண்டு. நான் "தேசியத் திட்டம், தொடர்புச் சரிபார்ப்பு. பெயர், பதவி சொல்லுங்க" என்பேன். அவர்கள் சொல்லிவிட்டு, "நம்பர் மாறலை" என்று முடிப்பார்கள். மாவட்ட அலுவலகத்தில் எப்போது கூப்பிட்டாலும் பொறுப்பானவர் டீ குடிக்கப் போயிருப்பார். ஒன்பது வருஷமாக அந்த டீ முடியவில்லை. பறவை வைத்தியர் மட்டும் நல்ல மனுஷன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார்.

பதினேழாவது நம்பர் நீரோட்ட மையம். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறு ஊரில் இருக்கிறது. கொட்டிய எண்ணெய் எந்தப் பக்கம் நகரும், எத்தனை மணிக்கு எந்தக் கரையைத் தொடும் என்று காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிற இடம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை நான் வழக்கம்போல் வசனத்தைச் சொன்னபோது, அந்தப் பக்கம் பெயர் சொன்ன குரல் என் தங்கையுடையது.

அவள் அந்த மையத்தில் சேர்ந்தது எனக்குத் தெரியாது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமாக நான் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை. அனுப்பிய செய்திகளைப் படித்ததாகக் காட்டும், அவ்வளவுதான். இப்போது ஆபீஸ் போன் என்பதால் எடுக்காமல் இருக்க முடியாது. "நம்பர் மாறலை, மேடம்" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டவள் மேடம் என்றாள். நான் கட்டத்தில் டிக் அடித்தேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அம்மா போனபிறகு தையல் மெஷின் பழுதுபார்க்கிற வருமானத்தில் எங்கள் இருவரையும் வளர்த்தவர் அப்பா. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். அதிகம் போனால் இரண்டு நாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை அப்போது ஒரு ஆய்வுக் கப்பலில் நாற்பது நாள் பயணத்தில் இருந்தாள். நடுக்கடலில் இருக்கிறவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அங்கே உட்கார்ந்து அழத்தானே முடியும், வேலை முடிந்து வரட்டும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பெரியவள் என்கிற அதிகாரம். அப்பாவை அடக்கம் செய்து பத்து நாள் கழித்து, அவள் கரை இறங்கிய அன்று சொன்னேன்.

அவள் நடுக்கடலில் இல்லை. புயலுக்குப் பயந்து கப்பல் திரும்பி வந்து, எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே மூன்று நாள் நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது. அப்பாவின் கடைசி மூன்று நாள். அவள் மேல்தளத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு படகைப் பிடித்து வந்து சேர்ந்திருப்பாள். "கடல்ல ஒரு வாளி எண்ணெய் கொட்டினா இருபத்திரண்டு ஆபீசுக்குச் சொல்ற. எனக்கு ஒருத்திக்கு உன்னால சொல்ல முடியலையா?" என்று கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. இன்றுவரை அந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ பதில்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தேறவில்லை.

என் வீட்டுக்காரர், விடு, கோபம் தணிந்தால் தானாக வருவாள் என்பார். அவருக்கு என் தங்கையைத் தெரியாது. சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காக என்னோடு பதினோரு நாள் பேசாமல் இருந்தவள்.

ஆகவே வருஷத்துக்கு நாலு முறை, முறைக்கு இருபது விநாடி. இதற்காக நான் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போவேன், போனில் தெரியாது என்று தெரிந்தும். மற்ற இருபத்தொன்றையும் முடித்துவிட்டு பதினேழைக் கடைசியில் வைத்துக்கொள்வேன். ஒருமுறை அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒருமுறை பின்னால் யாரோ சிரிக்க, அந்தச் சிரிப்பின் மிச்சம் அவள் குரலிலும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன். தொண்டை கட்டிய அன்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டேன். "அந்தக் கேள்வி பட்டியல்ல இருக்கா, மேடம்?" என்றாள். இல்லை என்றேன்.

போன மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த தடவையிலிருந்து சரிபார்ப்பை மெஷின் செய்யும். எல்லோருக்கும் செய்தி போகும், அவர்கள் ஒன்றை அழுத்தினால் போதும், மனிதர் பேச வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நான் கடைசித் தடவையாகப் பதினேழைக் கூப்பிட்டு, "அடுத்த தடவை மெஷின்தான் கூப்பிடும்" என்று சொன்னேன். வசனத்தில் இல்லாத வார்த்தை. அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மேடம். நம்பர் மாறலை" என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு பாழும் எண்ணம் வந்தது. எங்காவது ஒரு கப்பல் கொஞ்சம் எண்ணெயைக் கொட்டித் தொலைத்தால் நான் அவளைக் கூப்பிட்டே ஆக வேண்டுமே என்று நினைத்தேன். கடலை நம்பிப் பிழைக்கிற ஊரில், எண்ணெயைத் தடுக்கிற வேலைக்கே சம்பளம் வாங்குகிறவள் நினைக்கிற நினைப்பா அது?

ஒன்பதாவது நாள், காலை பத்து இருபதுக்குக் கொட்டியது.

துறைமுகத்துக்கு வெளியே நின்ற ஒரு சரக்குக் கப்பல் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோது குழாய் கழன்றுவிட்டது. தார் மாதிரி கெட்டியான கறுப்பு எண்ணெய். அடைப்பதற்குள் அறுபது டன் போய்விட்டது. எங்கள் அறை ரொம்பச் சின்னது: இரண்டு மேஜை, மூன்று போன், சுவரில் ஒரு கடல் வரைபடம், கதவு சரியாக மூடாத ஓர் அலமாரி. துறைமுக அதிகாரி உள்ளே வந்தார். முன்பு கப்பல் ஓட்டியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கேப்டன். முதலில் காவல் படை, அடுத்து நீரோட்ட மையம், பிறகு மற்றவர்கள் என்றார். எண்ணெய் எங்கே போகிறது என்று தெரியாமல் யாரை எங்கே அனுப்புவது?

காவல் படைக்குச் சொல்லிவிட்டுப் பதினேழைப் போட்டேன். அவள் எடுத்தாள். என் வாய் தானாகத் திறந்தது.

"தேசியத் திட்டம், தொடர்புச் சரிபார்ப்பு. பெயர், பதவி சொல்லுங்க."

அவளும் பெயரைச் சொன்னாள், பதவியைச் சொன்னாள், நம்பர் மாறலை மேடம் என்றாள். நான் நன்றி சொன்னேன். இருவரும் போனை வைத்துவிட்டோம்.

கேப்டன் வரைபடத்தின் முன்னால் பென்சிலோடு தயாராக நின்றுகொண்டிருந்தார். எங்கே போகுமாம் என்று கேட்டார். நம்பர் மாறலையாம் சார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். நாலு வருஷமாக அவளோடு பேசக் கிடைத்த ஒரே வார்த்தைகள் அவை. வேறு எந்த வார்த்தையும் என் நாக்கில் நிற்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுபடி போட்டேன். "இப்பதானே சரிபார்த்தீங்க, மேடம்?" என்றாள். எண்ணெய் கொட்டிவிட்டது என்றேன். ஒரு நொடிதான். அவள் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது. இடம், நேரம், எவ்வளவு, எந்த வகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் விசைப்பலகை சத்தம் கேட்டது. நாற்பது நிமிஷத்தில் கணக்கு வரும், அதற்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் எண்ணெய் நிஜமாக எங்கே இருக்கிறது என்று சொன்னால்தான் கணக்கைத் திருத்த முடியும் என்றாள். அதாவது மணிக்கு ஒருமுறை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷப்பட்டேன்.

பதினொன்றே காலுக்குக் கணக்கு வந்தது. எண்ணெய் வடக்கே போகும், மாலை ஐந்து மணிக்கு மீன்பிடித் துறையைத் தொடும். எங்களிடம் நானூறு மீட்டர் பூம்தான் இருந்தது. பூம் என்பது தண்ணீர்மேல் மிதக்கும் நீளமான ரப்பர் வேலி. எண்ணெயை அதற்கு மேல் போகவிடாது. பக்கத்துத் துறைமுகத்தின் பூம் லாரியில் வந்துசேர நாலரை ஆகும். அதுவரைக்கும் ஒரே ஓர் இடத்தைத்தான் அடைக்க முடியும். மீன்பிடித் துறையை அடைக்கச் சொல்லிப் படகுகள் புறப்பட்டன.

அன்றைக்கு ஓர் ஆச்சரியத்தையும் பார்த்தேன். போன கூட்டத்தில் யார் பெயரை முதலில் போடுவது என்று சண்டை போட்ட எண்ணெய் ஆலைக்காரர்கள், எண்ணெயை மேலாக வழித்தெடுக்கும் மெஷினைக் கேட்கும் முன்பே அனுப்பினார்கள். மின் நிலையம் கடல் தண்ணீர் இழுக்கும் வாயை மூடிவிட்டு, மூடிவிட்டோம் என்று சொல்லவும் செய்தது. மீனவர் சங்கம் நாற்பது படகு கொடுத்தது. மாவட்ட அலுவலகத்தில் பொறுப்பானவர் இருக்கையிலேயே இருந்தார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு மீனவர் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். வலை இழுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகுக்காரர், கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே தண்ணீரில் கறுப்பாக ஒரு பட்டையைப் பார்த்தாராம். தெற்கே. கணக்குக்கு நேர் எதிர்ப் பக்கம்.

கேப்டன் தலையை ஆட்டினார். பாசியாக இருக்கலாம், வேறு கப்பல் எப்போதோ விட்ட பழைய எண்ணெயாக இருக்கலாம், ஒரு மணி நேரத்தில் காவல் படை விமானம் பார்த்துவிடும், உறுதியான பிறகு மையத்துக்குச் சொல்லலாம் என்றார். அரைகுறையாகச் சொன்னால் அவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுவார்கள், இருபத்திரண்டு ஆபீசும் தெற்கே ஓடும், பொய்யாகிவிட்டால் தேசியக் கூட்டத்தில் யார் அசடு வழிவது என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்கு எதற்கு வீண் தொந்தரவு, உறுதியாகட்டும். இதே நியாயத்தை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு நானே சொல்லிக்கொண்டவள், இதே வார்த்தைகளில்.

நான் பதினேழைப் போட்டேன். கேப்டன் கையைத் தூக்கினார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உறுதியாகவில்லை, ஒரே ஒரு படகுக்காரர் பார்த்தது, தப்பாகவும் இருக்கலாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, "உறுதியாகலைன்னு நீங்களே சொல்றீங்க. இருந்தும் சொல்றீங்க" என்றாள்.

"ஆமா. சொல்லிடணும். என்ன செய்யறதுன்னு நீ முடிவு பண்ணிக்கோ."

நீ என்று வந்துவிட்டது. அவள் மேடம் என்று திருத்தவில்லை. அந்தப் படகுக்காரரோடு பேச வேண்டும் என்றாள். செயலாளர் மூலம் அவரைப் பிடித்து, இருவரையும் ஒரே இணைப்பில் போட்டுவிட்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நிறம் என்ன, மினுக்குகிறதா, எவ்வளவு அகலம், படகுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கரையோரத் தண்ணி காலையிலேயே தெற்கே திரும்பிடுச்சும்மா, உங்க மெஷினுக்கு யாரும் சொல்லலையா என்றார். என் தங்கை சிரித்தாள். இல்லீங்க, இப்ப நீங்கதான் சொல்லியிருக்கீங்க என்றாள்.

இருபது நிமிஷத்தில் புதுக் கணக்கு வந்தது. எண்ணெயில் பெரும்பகுதி தெற்கே, கழிமுகத்துக்குப் போகிறது. மூன்று மணிக்கு முன்பே அங்கே இருக்கும். கடல்நீர் ஏற்றம் தொடங்கும் நேரம், தண்ணீரோடு உள்ளே நுழைந்துவிடும். உள்ளே நுழைந்தால் அலையாத்திக் காடு. அந்த வேர்களுக்குள் புகுந்த எண்ணெயை யாராலும் எடுக்க முடியாது. நண்டும் இறாலும் குஞ்சு பொரிக்கிற இடம் பல வருஷத்துக்குப் பாழ். கேப்டன் காகிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பூமைத் தெற்கே கொண்டுபோகச் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

இரண்டரைக்குக் கழிமுகத்தை அடைத்து முடித்தார்கள். இரண்டு ஐம்பதுக்கு எண்ணெய் வந்து பூமில் மோதி நின்றது. விமானத்தின் தகவல் ஒன்று ஐம்பதுக்குத்தான் எங்கள் கைக்கு வந்தது. அதுவரை காத்திருந்தால் பூம் பாதி வழியில்தான் இருந்திருக்கும். வடக்கே போன சிறு பகுதியைப் பக்கத்துத் துறைமுகத்தின் பூம் வந்து நிறுத்தியது. பறவை வைத்தியரிடம் ஏழு பறவைகள் வந்தன. ஐந்து பிழைக்கும் என்றார்.

ஐந்தரைக்குக் கேப்டன் நாற்காலியில் சாய்ந்து, அந்த மையத்து அம்மா பெரிய கெட்டிக்காரி, ஒரு வலைக்காரர் சொன்னதை நம்பி இவ்வளவு பெரிய கணக்கை மாற்ற ஒரு தைரியம் வேண்டும், உனக்கு அவரைத் தெரியுமா என்று கேட்டார்.

"என் தங்கச்சி, சார்."

நாலு வருஷத்தில் அந்த அறையில் அதை நான் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார், காலையில் நம்பர் மாறலை என்று சொன்னதும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல், கரையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

நாள் முடிவில் எல்லோருக்கும் நிலவரம் சொல்ல வேண்டும். இருபத்தொரு பேருக்குச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பிடித்த அளவு, மிச்ச அளவு, நாளைக் காலை யார் எங்கே என்று படித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். படிக்க இனி ஒன்றுமில்லை. அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"எனக்குக் கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே" என்றாள்.

நினைக்கவில்லை என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஆறு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். அப்பா என்னைக் கேட்டாரா?"

இல்லை, நினைவு தப்பிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது சுலபமாக இருந்திருக்கும். அவளுக்குச் சுலபம் எது என்று முடிவு பண்ணுகிற வேலையை நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன்.

"கேட்டார். கடைசி நாள் மத்தியானத்திலிருந்து கேட்டுக்கிட்டே இருந்தார். நீ வந்துக்கிட்டு இருக்கேன்னு பொய் சொன்னேன்."

"நம்பினாரா?"

"நம்பினார். கட்டில் ஓரமா நகர்ந்து படுத்தார். நீ வந்தா உக்கார இடம் வேணுமாம். அவ்வளவு முடியாதவர், தானாவே நகர்ந்தார். விடியற வரைக்கும் அந்த ஓரத்திலேயேதான் இருந்தார்."

அவள் அழுதாள். என் தங்கை அழுது நான் கேட்டது அவளுடைய ஏழு வயதுக்குப் பிறகு இதுதான்.

"நீ எங்க இருந்தே?" என்று கேட்டாள்.

"சுவரோரமா நின்னுக்கிட்டு இருந்தேன்."

"ராத்திரி பூரா?"

"ஆமா. அது உனக்கு விட்ட இடம். நான் எப்படி உக்காருவேன்?"

அவள் மூக்கை உறிஞ்சினாள், எதையோ மேஜைமேல் நகர்த்தி வைத்தாள்.

"நீயாவது உக்காந்திருக்கலாமே, அக்கா" என்றாள்.